மலை காயும்போது

திருப்பதிப் பக்கம் மரங்கள் பூத்திருப்பதைப் பார்க்க எந்த மாதம் போகலாம் என்று கேட்டால், பெரும்பாலோர் கார்த்திகை, மார்கழி என்பார்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்திருக்கும். கபிலதீர்த்தத்தில் அருவி விழும், சொர்ணமுகியில் தண்ணீர் ஓடும், சேஷாசலம் அடிவாரத்திலிருந்து உச்சிவரை பச்சையாக நிற்கும். கண்ணுக்கு நல்ல காலம்தான். ஆனால் அந்தப் பச்சைக்குள் பூத்த மரத்தைத் தேடினால் அதிகம் அகப்படாது. மரங்கள் அப்போது இலை வேலையில் மும்முரமாக இருக்கின்றன. பூ வேண்டுமென்றால் மாசியில் வர வேண்டும், பங்குனியில் வர வேண்டும். புல் கருகி, ஓடை வறண்டு, மலை மொட்டையாக, பார்க்கவே பாவமாக இருக்கும் நாட்கள் அவை.

இருந்து பார்க்க நான் பரிந்துரைக்கும் இடம் திருப்பதி நகரம்கூட இல்லை, ஏர்பேடு. ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவே, வெங்கடகிரிச் சாலை பிரிகிற முனை. கூடூர் – ரேணிகுண்டா ரயில் பாதையில் ஒரு சின்ன நிலையம். மலையாள சுவாமி நிறுவிய வியாசாசிரமத்தால் பெயர்பெற்ற ஊர். பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. கடந்த பத்தாண்டில் ஐஐடி, ஐசர் என்று இரண்டு பெரிய கல்வி நிறுவனங்கள் இந்த மண்டலத்துக்கு வந்துவிட்டன. சுற்றிலும் ஏரிகள், நெல் வயல்கள், அவற்றை விட்டால் முட்புதர்க் காடு. மேற்கேயும் வடமேற்கேயும் மலை. தென்மேற்கே போனால் சித்தூரின் மாந்தோப்புகள். சமவெளி மரம், புதர்க்காட்டு மரம், மலைமரம், தோப்பு மரம் நான்கும் ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கிவிடும். சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்தில் வந்து சேரலாம்.

பூ பார்க்கும் பயணம் என்றதும் உலகம் முழுவதும் நினைவுக்கு வருவது ஜப்பான். கியோத்தோவில் செர்ரி எந்த நாளில் முழுதாகப் பூத்தது என்ற குறிப்பு கி.பி. 812-லிருந்து கிடைக்கிறது. அரசவை நாட்குறிப்புகளிலிருந்தும் துறவிகளின் ஏடுகளிலிருந்தும் அவற்றைத் திரட்டியவர் யசுயுக்கி ஆவோனோ. 2021-இல் அங்கே மார்ச் 26 அன்று பூ உச்சத்தைத் தொட்டது. ஆயிரத்து இருநூறு ஆண்டுக் கணக்கில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. செர்ரியின் கணக்கு எளிது. மொட்டு கோடையிலேயே உருவாகிவிடும். அது உறங்கும். பல வாரக் குளிரை அனுபவித்த பிறகுதான் உறக்கம் கலையும், அதன் பின் வெப்பம் ஏற ஏற விரியும். குளிர் போதாவிட்டால் மொட்டுக்கு விழிப்பு வராது. திருப்பதியில் செர்ரி நட்டால் அது ஆயுள் முழுவதும் குழம்பிக்கொண்டிருக்கும்.

அமெரிக்கப் பூச்சியியலாளர் ஹாப்கின்ஸ் நூறாண்டுக்கு முன் ஒரு விதி வகுத்தார். வடக்கே ஒரு பாகை அட்சரேகை நகர்ந்தாலோ, 400 அடி மேலே ஏறினாலோ வசந்தம் 4 நாள் தள்ளிப்போகும் என்பது அதன் சாரம். அவர் நாட்டுக்கு அது ஓரளவு பொருந்தும். கிட்டத்தட்ட 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் திருமலைக்கு இந்தக் கணக்கைப் போட்டால் பலிக்காது. இங்கே மரங்கள் குளிருக்காகக் காத்திருக்கவில்லை. அவற்றின் கவலை தண்ணீர்.

விந்தை அங்கேதான் தொடங்குகிறது. தண்ணீரே இல்லாத மாதத்தில், கடைசி மழை பெய்து எட்டு, பத்து வாரம் ஆன பிறகு, ஒரு மரம் ஆயிரக்கணக்கான பூக்களை எப்படி விரிக்கிறது? பூவிதழ் என்பது பெரும்பாலும் தண்ணீர்தானே.

இலைதான் விடை. மரம் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பங்கு இலைத்துளைகள் வழியே ஆவியாகப் போய்விடுகிறது. மண் காயத் தொடங்கியதும் வேருக்கு வரும் நீர் குறையும், இலைக்கு ஓடும் நீர் குறையாது. தண்டுக்குள் இழுவிசை கூடிக்கொண்டே போகும். அந்த இழுவிசையில் மொட்டு வீங்க முடியாது. ஒரு கட்டத்தில் மரம் இலைகளைக் கழற்றிவிடுகிறது. செலவு நின்றுவிட்டது, வரவு கொஞ்சமாவது இருக்கிறது: ஆழத்து வேர் கொண்டுவரும் ஈரம், அடிமரத்திலேயே தேங்கிக் கிடக்கும் நீர். சில நாட்களில், சில வாரங்களில், மழை ஒரு சொட்டுக்கூட விழாமல் தண்டு மறுபடி நீரேறி நிமிர்கிறது. மொட்டுகள் உடைகின்றன. கோஸ்ட்டா ரிக்காவின் வறண்ட காடுகளில் இதை அளந்து காட்டியவர் ரோல்ஃப் போர்ச்சர்ட். 1994-இல் அவர் வெளியிட்ட ஆய்வின் முடிவுப்படி, ஒரு மரம் வறட்சியில் எப்போது பூக்கும், பூக்குமா என்பதை மண்ணில் உள்ள நீரும் அடிமரத்தில் சேமித்த நீரும் தீர்மானிக்கின்றன. அடிமரத்தில் எவ்வளவு சேமிக்கலாம் என்பது கட்டையின் அடர்த்தியைப் பொறுத்தது. மென்கட்டை நிறைய வைத்துக்கொள்ளும். வன்கட்டையில் இடமில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஏர்பேட்டுப் பக்கம் பார்த்தால், பூக்கும் வரிசையில் ஓர் ஒழுங்கு தெரியும். இலவும் கோங்கும் முதலில். இரண்டும் கையால் தூக்கிப் பார்த்தாலே தெரியும் அளவுக்கு லேசான கட்டை. நடுத்தரமான புரசும் அவற்றோடு வந்து சேரும். தண்ணீரில் போட்டால் மூழ்கிப்போகும் செம்மரம் சித்திரை, வைகாசிவரை காத்திருக்கும். எல்லா மரமும் இந்த வரிசைக்குக் கட்டுப்படும் என்று சொல்லவில்லை. இலுப்பை கனத்த கட்டைதான், ஆனாலும் மாசி, பங்குனியிலேயே பூத்துவிடும். ஆழ வேர்விடும் மரம் அது, ஏரிக்கரையிலும் கோயில் குளத்தருகிலும் நிற்பது வேறு அதற்கு வசதி. அடியில் நீர் கிடைக்கும் மரத்துக்குத் தொட்டி எதற்கு?

சரி, தண்ணீர் சேர்ந்துவிட்டது. நாள் குறிப்பது யார்? ஒரு காட்டில் உள்ள ஒரே இன மரங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பூக்கின்றன. ஒவ்வொன்றும் நிற்கும் மண் வேறு, அடியில் உள்ள ஈரம் வேறு. ஆகவே பொதுவான கடிகாரம் ஒன்று வேண்டும். ஆசியப் பருவமழைக் காடுகளில் மழைக்கு முன்பே, கடும் வெயிலில், தளிர்கள் வெடிப்பதைத் தாய்லாந்திலும் இந்தியாவிலும் உள்ள தரவுகளைக் கொண்டு ஸ்டீபன் எலியட், பேக்கர், போர்ச்சர்ட் மூவரும் 2006-இல் ஆராய்ந்தார்கள். பகல் நீளம்தான் கடிகாரம் என்பது அவர்கள் கருத்து. ஏர்பேடு வடக்கே பதின்மூன்றரைப் பாகைக்குச் சற்று மேல். இங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். கியோத்தோவில் நாலரை மணிக்கு மேல். மார்ச்சில் இங்கே பகல் ஒரு நாளைக்கு ஒரு நிமிடம்கூட வளர்வதில்லை. மனிதர் யாரும் கவனிக்காத அந்த வளர்ச்சியை மரம் கவனிக்கிறது. வெப்பமண்டல மரங்கள் அரை மணி நேரத்துக்கும் குறைவான பகல் வேறுபாட்டை உணர்ந்து நடப்பதற்குச் சான்றுகள் உண்டு.

இனி ஊர் சுற்றலாம்.

தை, மாசியில் முதலில் தோப்புப் பக்கம். சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைகளுக்குப் பெயர்போன மாவட்டம். தோதாபுரி என்று அங்கே சொல்லும் கிளிமூக்கு மாங்காய்தான் ஆலைகளுக்குப் போகிறது. இங்குள்ள மரங்களில் குளிரை எதிர்பார்ப்பது மா மட்டும்தான். இரவு வெப்பம் பதினைந்து பாகையை ஒட்டி இறங்கும் வாரங்கள் கிடைத்தால் பூங்கொத்து நன்றாக வரும், கிடைக்காவிட்டால் அதே இடத்தில் இலைத் தளிர் வந்துவிடும். மேட்டுநிலமான சித்தூரில் அந்தக் குளிர் கிடைக்கிறது. பூங்கொத்துக்கு நூற்றுக்கணக்கில் பூ, அதில் காயாவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மகரந்தம் சுமக்கும் வேலையைப் பெரும்பாலும் ஈக்களே செய்கின்றன. அழகு குறைவு, வாசம் உண்டு. வெயில் ஏறுமுன் தோப்போரம் நின்றால் போதும்.

அடுத்தது புரசு. பலாசம் என்றும் சொல்வோம், தெலுங்கில் மோதுக. சென்னைக்காரர்கள் புரசைவாக்கத்தின் பெயரில் மட்டும் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். தை முடியும்போது பெரிய மூவிலைகள் உதிரும், கரும்பழுப்பு வெல்வெட் மொட்டுகள் கிளை நெடுக அடுக்கியிருக்கும், பிறகு மரம் முழுவதும் செம்மஞ்சள். தரிசு நிலத்திலும் மலையடிவாரத்திலும் வளரும். உவர்நிலத்தைக்கூடப் பொருட்படுத்தாது.

புரசம்பூவுக்கு மணமில்லை. தேனீக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது, அதன் கண் புற ஊதா, நீலம், பச்சை மூன்றுக்கும் அமைந்தது. பறவைக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும், மோப்பம் பெரிதில்லை. ஆக இந்தப் பூ யாரை அழைக்கிறது என்பதில் ஐயமில்லை. காலையில் ஒரு புரசமரத்தடியில் நின்றால் மைனா, கரிச்சான், காகம், கிளி என்று கூட்டம் வந்துபோகும். எல்லாரும் மகரந்தம் சுமப்பவர்கள் என்று நினைத்துவிடத் தோன்றும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தாண்டன், சிவண்ணா, மோகன் ராம் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைக் கலைத்தது. வருகிற பறவைகளில் பல வெறும் தேன் குடித்துவிட்டு, அல்லது பூவைக் கிழித்துவிட்டுப் போய்விடுகின்றன. படகுபோல் மடிந்திருக்கும் இதழைச் சரியான பக்கத்திலிருந்து அழுத்தி, உள்ளிருக்கும் சூலகமுடியைத் தலையில் படவைக்கிற பறவை ஊதாத் தேன்சிட்டு ஒன்றுதான். அதற்குத் துணை, எதிர்பாராத ஆள், அணில். முதுகில் கோடுபோட்ட நம் ஊர் அணில் தேனுக்காகப் பூவுக்குள் முகத்தை விட்டு மீசையில் மகரந்தத்தை ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. இவ்வளவு ஆர்ப்பாட்டமும் எதற்கு? தட்டையான ஒரு காய், அதன் நுனியில் ஒரே ஒரு விதை.

பறவைகளை நம்பும் மரங்கள் வறட்சியிலேயே பூப்பது தற்செயல் இல்லை. முதுமலையில் முரளியும் சுகுமாரும் செய்து 1994-இல் வெளியிட்ட ஆய்விலும் அந்தப் போக்கு தெரிகிறது. 1967-இலேயே டேனியல் ஜான்சன் மத்திய அமெரிக்கக் காடுகளைப் பார்த்துவிட்டு இதற்குப் பல காரணங்களை அடுக்கினார். இலை மறைக்காததால் பூ தூரத்திலிருந்து தெரியும். வளர்ச்சியும் இனப்பெருக்கமும் ஒரே உணவுக்குப் போட்டியிட வேண்டியதில்லை. விதை முற்றி விழும்போது மழை வந்து சேரும். இவற்றுள் கடைசிக் காரணம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது. புரசங்காய் உதிர்ந்த சில வாரங்களில் தென்மேற்குப் பருவத்தின் முதல் மழை இங்கே எட்டிப் பார்க்கும்.

இலவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. முள் நிறைந்த அடிமரம், உள்ளங்கை அகலச் சிவப்புப் பூ, கீழே விழுந்தால் சத்தம் கேட்கும். தேன் ததும்பும் பூ என்பதால் பகலில் பறவையும் இரவில் வௌவாலும் வரும். சித்திரையில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும்.

கோங்கு வேறு கதை. கொண்டகோகு என்பது தெலுங்குப் பெயர். மலைப்பாதைப் பாறை இடுக்குகளில், இலையே இல்லாத வளைந்த கிளைகளின் நுனியில், பளீரென்ற மஞ்சள் பூ. இந்தப் பூவில் தேன் கிடையாது. கொடுப்பதற்கு மகரந்தம் மட்டும் இருக்கிறது, அதையும் எளிதில் கொடுக்காது. மகரந்தப் பை வழக்கமான பூக்களைப்போல நீளவாக்கில் பிளப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டும். உப்புக் குடுவையைக் குலுக்குவதுபோலக் குலுக்கினால்தான் வெளியே கொட்டும். குலுக்குவதற்குத் தச்சு வண்டு என்று நாம் சொல்லும் பெரிய கருந்தேனீ இருக்கிறது, நீலப்பட்டைத் தேனீ இருக்கிறது. பூவைக் கால்களால் கட்டிப்பிடித்து, சிறகை விரிக்காமல், பறப்பதற்கான தசைகளை மட்டும் துடிக்கவைக்கின்றன. ரீங்காரம் சட்டென்று ஒரு சுருதி ஏறும். அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியே பீறிட்டு வயிற்றில் படியும். நம் தேன்கூட்டுத் தேனீக்களுக்கு இந்த வித்தை வராது. உலகில் சுமார் 20,000 வகைப் பூச்செடிகள் இந்த ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. கோங்கைத் தேடி மலை ஏற முடியாதவர்கள் ஏர்பேட்டு வயலோரம் ஒரு கத்தரிச் செடி முன் காலையில் உட்காரலாம். கத்தரிப்பூவும் தக்காளிப்பூவும் இதே வகைதான். மதனப்பள்ளித் தக்காளிச் சந்தைக்குப் போகும் லாரிகளுக்குப் பின்னால் இந்த ரீங்காரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

சித்திரையில் பூக்கும் சரக்கொன்றை இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. தெலுங்கில் ரேல. அதன் ஒரு பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் மகரந்தத்தாள் பத்து இருக்கும், எல்லாம் ஒரே மாதிரி இல்லை. வளைந்து நீண்டவை மூன்று, நடுத்தரம் நான்கு, குட்டையாக மலடாக மூன்று. நடுவில் உள்ள நான்கை வண்டு பிடித்து உலுக்கித் தீனி எடுக்கும். அந்த நேரத்தில் நீண்ட மூன்றும் அதன் உடம்பில், அதன் கால் எட்டித் துடைக்க முடியாத இடத்தில், மகரந்தத்தைப் பூசிவிடும். அடுத்த பூவின் சூலகமுடி அதே இடத்தில் வந்து உரசும். ஒரே பூவில் கூலி கொடுக்கும் தாளும் வேலை வாங்கும் தாளும் தனித்தனி. டார்வினையே குழப்பிய ஏற்பாடு இது.

எங்கே நின்று பார்ப்பது? மலைக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. வேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா 1989-இல் அறிவிக்கப்பட்டது. அதையும் உள்ளடக்கிய சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் 2010-இல் வந்தது, ஆந்திரத்தின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் அது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக்கூடாது. போகவும் தேவையில்லை. நாட்டிலேயே அதிகம் பேர் நடக்கும் காட்டுப்பாதைகளில் இரண்டு இங்கே இருக்கின்றன: அலிபிரியிலிருந்து 3,550 படிகள், ஸ்ரீவாரி மெட்டிலிருந்து 2,388 படிகள். கூட்டம் படியைப் பார்த்துக்கொண்டு கோவிந்தா சொல்லி ஏறும். நீங்கள் பக்கவாட்டில் பாருங்கள். 1944-இல் திறந்த முதல் மலைப்பாதையில் இறங்கும் பேருந்தின் ஜன்னல் இருக்கை இன்னும் மலிவான வழி. எதிர்ச்சரிவில் கோங்கு மஞ்சள் புள்ளியாகவும் இலவு சிவப்புப் புள்ளியாகவும் தெரியும். 2023-இல் அலிபிரிப் பாதையில் சிறுத்தை தாக்கி ஒரு குழந்தை இறந்த பிறகு நடைபாதைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது, ஏறுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. மலையடிவாரத்தில் 1987-இல் தொடங்கிய உயிரியல் பூங்காவின் பெரும்பரப்பு இயற்கையான புதர்க்காடு, வயதானவர்களை அழைத்து வந்தால் அங்கே போகலாம். நாள் முழுவதும் ஒதுக்க முடிந்தால் தலக்கோனா. அருவி 270 அடி, பங்குனியில் நூலாக இளைத்திருக்கும். அருவிக்காக வந்தவர்கள் ஏமாறுவார்கள், மரத்துக்காக வந்தவர்கள் ஏமாற மாட்டார்கள். கடப்பைச் சாலையில் மாமண்டூரும் உண்டு. எங்கே போனாலும் பீடி, தீப்பெட்டி வேண்டாம். இதே மாதங்கள்தான் காட்டுத்தீயின் மாதங்கள்.

திருமலையில் ஒரு வழக்கம் நம்மவர்களுக்குத் தெரிந்ததே. அங்கே யாரும் தலையில் பூ வைப்பதில்லை, மலையில் பூக்கும் பூவெல்லாம் பெருமாளுக்கு. ராமானுசர் சொல்படி அனந்தாழ்வான் அமைத்த நந்தவனத்தின் காலத்திலிருந்து தொடரும் மலர்க்கைங்கரியம் அது. சாத்திக் களைந்த மாலைகளைப் பக்தர்களுக்குத் தராமல் பூங்கிணற்றில் இடுவது பழைய முறை. 2021 முதல் தேவஸ்தானம் பயன்படுத்திய பூக்களிலிருந்து ஊதுபத்தியும் செய்கிறது.

அதே மலையில் பூவே பூக்காத ஒரு மரமும் இருப்பது எனக்குப் பிடித்த முரண். பார்க்கக் குட்டை ஈச்சைபோல, பாறைச் சரிவில் கரிந்த அடிமரத்தோடு நிற்கும். பெட்டோம் சைக்கஸ். சென்னை மாகாண வனத்துறையில் இருந்த ரிச்சர்ட் பெட்டோமின் பெயர் அதற்கு. உலகில் திருமலை வட்டாரத்தைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. பூக்கும் தாவரங்கள் பூமியில் தோன்றுவதற்கு மிக முன்பே தோன்றிவிட்ட குடும்பம் அது. ஆண் மரம் பெரிய கூம்பை நீட்டும், பெண் மரம் விதையை இலை போன்ற மடலின் ஓரத்தில் வெளிப்படையாகத் தாங்கும். இதழ் இல்லை, தேன் இல்லை. புல் தீ வந்து போனாலும் உச்சியில் மறுபடி இலைக் கொத்து விரிக்கும். அழகுச்செடி வணிகத்துக்காகத் தோண்டி எடுப்பதைத் தடுக்க சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறார்கள்.

இரவுப் பூக்களுக்கு வருவோம். இலுப்பைப்பூ அந்தி சாய்ந்த பிறகு வேலை தொடங்கும். சர்க்கரை நிறைந்த சதைப்பற்றான அல்லிவட்டத்தைப் பழந்தின்னி வௌவால்கள் கவ்வும், விடியலில் மீதி தரையில் கொட்டிக் கிடக்கும். காட்டில் அதைப் பொறுக்கக் கரடி வரும். இரவில் வேலை செய்யும் தேனீயும் நம் நாட்டில் உண்டு. ஹேமா சோமநாதன் குழுவினர் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆராய்ந்த ஒரு தச்சுத்தேனீ, நிலவில்லாத இரவிலும் பறந்து நட்சத்திர வெளிச்சத்திலேயே நிறங்களை வேறுபடுத்திக் காண்பதை 2008-இல் காட்டினார்கள். அறிவியல் உலகில் அந்தத் தேனீ தரங்கம்பாடியின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

கடைசியில் செம்மரம். கடப்பை, சித்தூர், நெல்லூர்ப் பக்கத்து மலைகள்தான் அதன் தாயகம். குவார்ட்சைட் பாறை நொறுங்கிய, மண்ணென்று சொல்லவே தயங்கும் சரளை நிலத்தில் வளர்கிறது. பிளவுகளில் இறங்கிய வேர்தான் அதற்கு ஆதாரம். கட்டையின் சிவப்பு எல்லாருக்கும் தெரியும், பூவின் மஞ்சள் பலருக்குத் தெரியாது. சித்திரையில், இலை உதிர்ந்து புதுத்தளிர் வருவதற்கு நடுவில், வேங்கைப்பூவை ஒத்த, கசங்கிய விளிம்புள்ள சிறு மஞ்சள் பூக்கள் கொத்தாக விரியும். வேங்கைக்கும் இதற்கும் ஒரே பேரினம், உறவு முகத்தில் தெரிகிறது. ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் ராவும் சாலமன் ராஜுவும் 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி பூக்கள் இரவில் விரிகின்றன, மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ மூன்றும் மகரந்தம் சுமக்கின்றன. வேறு மரத்தின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். மரங்கள் அருகருகே இருக்கும்வரை அது நடக்கும். வெட்டு விழுந்து மரத்துக்கும் மரத்துக்கும் இடைவெளி கூடினால் தேனீ ஒரே மரத்தைச் சுற்றிவிட்டுப் போய்விடும், மீதமிருக்கும் மரமும் பூக்கும், ஆனால் நன்றாகக் காய்க்காது. கடத்தலால் போவது வெட்டிய மரம் மட்டுமில்லை என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் தேவையில்லை. 1995-இல் செம்மரம் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலுக்கு வந்தும் வெட்டு நிற்கவில்லை. வெட்டப் போகிறவர்கள் யார், வாங்குகிறவர்கள் யார் என்பது இன்னொரு கணக்கு. 2015 ஏப்ரல் 7 அன்று இதே சேஷாசலக் காட்டில், சந்திரகிரி அருகே, தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். செம்மரம் பூக்கும் மாதம் அது. அந்த மரத்தைப் பற்றி எழுதும்போது பூவை மட்டும் எழுதிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

பெங்களூருக்காரர்கள் இதையெல்லாம் கேட்டால் சிரிக்கக்கூடும். அவர்கள் வீட்டுவாசலிலேயே மாதம் ஒரு நிறம். 1908-இல் லால்பாகுக்கு வந்த ஜெர்மானியர் குரும்பிகல், ஒரு மரம் ஓய்ந்ததும் அடுத்தது பூக்கும்படி தெருக்களுக்கு மரம் தேர்ந்தெடுத்த புண்ணியம். செர்ரி என்று எல்லாரும் படம்பிடித்துப் போடும் அந்த இளஞ்சிவப்பு தபூபியா மத்திய அமெரிக்க மரம், எல் சால்வடோரின் தேசிய மரம். மே மாதத்துக் குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. இரண்டும் அழகுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வந்த மரத்துக்கு இங்குள்ள வண்டும் சிட்டும் பழைய உறவு இல்லை. திருப்பதி நகரச் சாலை நடுவில் நடுகிறவர்கள் ஒரு வரிசையாவது கொன்றையும் புங்கும் வைத்தால், பூ பார்க்க வருகிறவர்கள் பூச்சியையும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

நாள் குறிப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே உகாதியைப் பூக்காலத்தின் அடையாளமாகச் சொல்வது வழக்கம், பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டுமே. வேம்பு ஆந்திரத்தின் மாநில மரமும்கூட. ஆனால் உகாதி சந்திரனை வைத்து வருவது. 2023-இல் மார்ச் 22, 2024-இல் ஏப்ரல் 9, 2025-இல் மார்ச் 30, 2026-இல் மார்ச் 19. மூன்று வாரம் முன்னும் பின்னும் ஆடுகிறது. வேம்பு சந்திரனைப் பார்ப்பதில்லை. உகாதி முந்திவரும் ஆண்டில் பல மரங்களில் மொட்டுதான் இருக்கும். நம் சித்திரை முதல் நாள் சூரியக் கணக்கு, ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஐ ஒட்டியே வரும், அன்றைக்கு வேப்பம்பூவுக்குப் பஞ்சமில்லை. மரங்கள் கைக்கொள்வதும் சூரியக் கணக்குத்தான், மழை முந்தினாலோ பிந்தினாலோ சில நாள் நகரும், அவ்வளவே. புரசுக்கும் கோங்குக்கும் என்றால் பிப்ரவரி கடைசியில் ரயில் ஏறுங்கள். வேம்பு, புங்கு, இலுப்பைக்கு மார்ச் 20 கழிந்து இரண்டு, மூன்று வாரம். கொன்றையும் செம்மரமும் வேண்டுமென்றால் ஏப்ரல் கடைசி, வெயில் நாற்பதைத் தாண்டியிருக்கும், தண்ணீர் பாட்டில் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், காலை ஒன்பது மணிக்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.